வாணிகம் அழைக்கும், தொழில் நிலைநிறுத்தும்



வாணிகமும் தொழிற்கலைகளும் ஒரு நாட்டின் செல்வத்தையும் குடிகளையும் எவ்வாறு பெருக்குகின்றன என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் குடியிருக்கும் இம்மும்பை மாநகரின் வரலாறே போதும்.

1668-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இத்தீவைப் பெற்றபோது இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 10,000 பேரே. ஆளுநர் ஜெரால்டு ஆன்ஜியர் வணிகரையும் நெசவாளரையும் வருக என்று அழைத்தார். அவரவர் சமயத்தை அவரவர் பேணும் உரிமையும் அளித்தார். சில ஆண்டுகளில் மக்கள் தொகை 60,000 ஆயிற்று என்பர்.

எனினும், வெறும் விலையேற்றத்தால் வரும் செல்வம் நில்லாது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தின் ஆலைகள் பருத்திக்கு நம் நாட்டை நாடின. மும்பையில் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. நாள்தோறும் புதுக் கம்பெனிகள் முளைத்தன. 1864-இல் எடுத்த கணக்கில் மக்கள் 8,16,562 பேர். மறு ஆண்டு போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. கம்பெனிகளும் வங்கிகளும் வீழ்ந்தன. 1872-இல் எண்ணியபோது இருந்தோர் 6,44,405 பேரே! விலையை நம்பி வந்த கூட்டம் விலையோடு சென்றது.

இழந்த தொகையை மீட்டதில் பெரும்பங்கு தொழிலுடையது. 1854-இல் காவஸ்ஜி தாவர் தொடங்கிய பஞ்சாலையைப் பின்பற்றி ஆலைகள் பல எழுந்தன. 1891-இல் மக்கள் தொகை 8,21,764 ஆகிப் பழைய அளவைக் கடந்தது. வணிகனின் ஆதாயம் கப்பலேறிப் போகலாம். தொழிலாளியின் கூலியோ அவன் தெருவிலேயே செலவாகும். அரிசிக் கடையும் தையற் கடையும் பள்ளிக்கூடமும் அக்கூலியால் வாழும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்ட நம்மவரும், தட்டெழுத்துக் கற்று அலுவலகங்களில் அமர்ந்த நம்மவரும் கைத்திறன் ஒன்றையே முதலாகக் கொண்டு வந்தனர்.

தொழிலும் புதுப்பிக்கப்படாவிடில் தேயும். 1982-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன்பின் பல ஆலைகள் திறக்கவேயில்லை. எத்தனையோ குடும்பங்கள் ஊர் திரும்பின. ஒரே தொழிலை அறிந்த கை, அத்தொழில் நின்றதும் செயலற்றது.

ஆதலின் நாம் ஒன்று வேண்டுகிறோம். நம் பிள்ளைகள் பட்டம் பெறட்டும். அதனோடு கைத்தொழில் ஒன்றையும் கற்கட்டும். சங்கக் கூடம் மாலை வேளையில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அங்கு ஒரு தொழிற்பயிற்சி வகுப்புத் தொடங்குவோமாக.