மோட்டார் சுட்டா பயப்படாதீங்க, பாருங்க



குழுக் கடன்ல வாஷிங் மெஷின் வாங்கினவங்க என்கிட்ட கேக்கிறது ஒண்ணுதான்: "ஓடும்போதே நின்னுடுது, மோட்டார் போயிருச்சா?" பல நேரம் போயிருக்காது. சூடு கூடினா தானா கரண்டைத் துண்டிக்கிற பாதுகாப்பு மோட்டாருக்குள்ளேயே இருக்கு. ஆறினதும் திரும்ப ஓடும். ஓடுதேன்னு அப்படியே விட்டாத்தான் காயில் கருகும். அப்புறம் ரீவைண்டிங் செலவு ஒரு பக்கம், கடன் தவணை ஒரு பக்கம். துணி துவைச்சுக் கொடுத்துப் பிழைக்கிறவங்களுக்கு அன்னைய வருமானமும் போச்சு.

முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. 6 கிலோ மெஷின்னா அது காய்ஞ்ச துணியோட கணக்கு. ஜமுக்காளத்தையும் போர்வையையும் சேர்த்துத் திணிச்சா எந்த மோட்டாரும் திணறும். சுவரோட ஒட்டி வெச்சா காத்தோட்டம் இருக்காது. அடியில எலி கூடு கட்டியிருக்கான்னும் பாருங்க, சிரிக்காதீங்க! தொட்டிக்குள்ள சுத்துற தட்டைக் கையால சுத்துங்க. இறுகியிருந்தா காசோ ஊக்கோ சிக்கியிருக்கும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்துல ரொம்பக் குறைஞ்சு வந்தாலும் மோட்டார் சுடும்; சாயங்காலம் லைட்டு மங்குற ஊர்க்காரங்க காலையில துவைங்க.

சத்தம் மட்டும் 'ம்ம்'னு வந்து சுத்தலைன்னா உடனே நிறுத்திடுங்க. பெரும்பாலும் கண்டன்சர்தான். அதை நீங்க தொட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஷாக் அடிக்கும். மெக்கானிக் வந்து மோட்டாரையே மாத்தணும்னா, "முதல்ல கண்டன்சரை மாத்திப் பாருங்கண்ணே"ன்னு சொல்லுங்க. மோட்டார் விலையில அது சின்னப் பங்குதான். கழட்டின பழசையும் கேட்டு வாங்கி வெச்சுக்குங்க.