ஒரு செப்பு மலையின் கதை



பாரிஸ் மலை என்றதும் பிரான்சு நாட்டின் தலைநகரை எண்ணிவிட வேண்டாம். வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவில் கைவிடப்பட்டுக் கிடக்கும் செப்புச் சுரங்கம் அது. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகட்கு முன்னரே அங்குச் செம்பு எடுத்தனர். 1768 மார்ச்சு 2-ஆம் நாள் ரோலண்ட் பியூ என்னும் தொழிலாளி பெருஞ்செப்புப் படிவத்தைக் கண்டார். அவர் பெற்ற பரிசு ஒரு புட்டி விஸ்கியும், வாடகையின்றிக் குடியிருக்க ஒரு வீடும்! அந்நாளைத் தொழிலாளர் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடினர்.

கப்பலின் அடிமரத்தைக் கடற்புழு அரிக்காமலிருக்க, பிரிட்டிஷ் கடற்படை செப்புத்தகடு போர்த்தியது. அதற்கு இம்மலைச் செம்பும் உதவியது. வழக்கறிஞர் தாமஸ் வில்லியம்ஸ் 'செம்பரசர்' எனப் பெயர் பெற்றார். 1787-இல் சுரங்கக் கம்பெனி தானே நாணயம் அடித்தது. பெண்களோ, இடக்கையில் இரும்பு வளையமிட்ட கையுறை அணிந்து, சுத்தியலால் தாதுக்கற்களை உடைத்தனர்.

வளம் குன்றியது, காலப்போக்கில் சுரங்கத் தொழில் ஓய்ந்தது. இன்று எஞ்சியவை மாபெரும் பள்ளம், 1878-இல் கட்டிய காற்றாலையின் கோபுரம், புல்லும் அரிதாய் முளைக்கும் செம்மஞ்சள் மண், அமிலம் கலந்தோடும் செந்நீர் ஆறு.

அரசரின் பெயர் நிலைத்தது. கல்லுடைத்த பெண்களுள் பலரின் பெயரை இன்று அறிவார் இல்லை. ரயில்வே எழுத்தனாகிய நானும் சரக்கின் எடையையே எழுதுகின்றேன். ஏற்றியவர் பெயரை எழுதியதில்லை. அன்பர்களே! இக்காலனியை உருவாக்கிய நம் மூத்தோரின் பெயரையும் ஊரையும் இவ்வாண்டே சங்க ஏட்டில் எழுதி வைப்போமாக!