சென் ஹெலீனாவில் ஒரு பகல்

தென் அத்திலாந்திக் சமுத்திரத்தில், வெப்பவலயத்தினுள்ளே, செங்குத்தான கரும்பாறைகளுடன் எழுந்து நிற்பது சென் ஹெலீனாத் தீவு. அதன் தலைநகரமான ஜேம்ஸ்ரவுணுக்கு வரும் உல்லாசக் கப்பல்கள் கரையை அணுகுவதில்லை. அவை விரிகுடாவில் நங்கூரமிட, படகுகளே பிரயாணிகளைக் கரைசேர்க்கின்றன. இறங்குதுறையிற் கயிறுகள் தொங்குகின்றன. அலை படகை உயர்த்தும் கணத்தில் கயிற்றைப் பற்றிப் படியிற் கால்வைத்தல் வேண்டும். கடல் கொந்தளித்தாலோ, தீவைத் தூரத்தே கண்டு திரும்பவேண்டியதுதான்!

கரையேறியவரை முதலில் அழைப்பது 'யாக்கோபின் ஏணி'. 1829ஆம் ஆண்டில் மலைமேற் சுமையேற்ற அமைத்த சாய்தளத்தில் எஞ்சியுள்ள 699 படிகள் அவை. இளைஞர் ஏறட்டும். ஒரு பகல் மட்டுமே உடையவர் முழங்காலை அங்கே செலவிடாது, கடைசிப் படகின் நேரத்தை விசாரித்துக்கொண்டு, வண்டி பிடித்து உள்நாட்டுப் பள்ளத்தாக்கிற்குச் செல்வதே தகும்.

சாலையிலிருந்து புல்வழியே சற்று நடந்தால், வேலிக்குள்ளே ஒரு வெறுங் கற்பலகை. ஐரோப்பாவை நடுங்கவைத்த நெப்போலியன் 1821ஆம் ஆண்டில் அடக்கஞ் செய்யப்பட்ட இடம் அது. 'நெப்போலியன்' என்று மட்டும் பொறிக்கப் பிரெஞ்சுத் தோழர் விரும்பினர். 'பொனபாட்' என்பதையுஞ் சேர்க்குமாறு பிரித்தானியத் தேசாதிபதி வற்புறுத்தினார். பிணக்குத் தீரவில்லை, பெயரும் பொறிக்கப்படவில்லை. 1840ஆம் ஆண்டில் உடலைப் பாரிசுக்குக் கொண்டுசென்றனர். கல்லறை மட்டும் அங்கேயே இருக்கின்றது.