டொலுவீனோடு பழகுவது எப்படி?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பெயின்ட், பசை, அச்சு மை என்று எந்தத் தொழிலுக்குப் போனாலும் டொலுவீனைச் சந்திப்பீர்கள். இதன் தீப்பற்று நிலை சுமார் 4 டிகிரி செல்சியஸ். அதாவது, நம் ஊர் மார்கழி விடியற்காலையிலும் பற்றிக்கொள்ளத் தயார்! காற்றில் 1.1 சதவீதம் ஆவி கலந்தாலே போதும். மிச்சத்தை ஒரு பொறி பார்த்துக்கொள்ளும்.

ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். 1981 பிப்ரவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், ஒரு சோயா ஆலையின் ஹெக்சேன் சாக்கடையில் கலந்து, சுமார் 3 கிலோமீட்டர் தெருக்கள் வெடித்துப் பெயர்ந்தன.

பொறி என்றால் பீடி, தீப்பெட்டி மட்டுமல்ல. குழாயில் ஓடும்போதே டொலுவீனில் நிலைமின்சாரம் சேரும். ஆகவே ஊற்றுமுன் டிரம்மையும் வாளியையும் கம்பியால் இணைத்து எர்த் கொடுங்கள். பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது.

"காலி டிரம்தானே சார், வெட்டிடலாமா?" என்று வெல்டர் கேட்பார். நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்தான் ஆபத்து. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து காத்திருக்கும். கழுவி, ஆவியை வெளியேற்றி, மீட்டரால் அளந்த பிறகே அனுமதி கொடுக்க வேண்டும். மூக்கை நம்பாதீர்கள், சற்று நேரத்தில் அதற்கு வாசனை பழகிவிடும்.

தம்பிகளே, தங்கைகளே, நாளை அந்த பர்மிட்டில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான். அதை நம்பித்தான் அவர் டார்ச்சைப் பற்றவைக்கிறார். நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.