பதினாறாம் நாளுக்குப் பிறகு

(கொள்ளுப்பிட்டியில் நடந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து, கொள்ளுப்பிட்டிக் கடலையும் பார்த்துவிட்டீர்கள். நேற்று மாலை இந்த மண்டபத்திலே திரை கட்டி ‘கேளடி கண்மணி’ படத்தைப் போட்டோம். 1990இல் வந்த பழைய படம். வசந்த் இயக்கிய முதல் படம். இசை இளையராஜா. பாடகராக நாம் அறிந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியம் இதிலே முக்கிய வேடம். 2020இல் அவர் காலமானபோது நம் லயங்களிலும் எத்தனையோ பேர் கண் கலங்கினார்கள்.

படத்திலே சில இடங்களில் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தீர்கள். பிறகு மண்டபமே அமைதியாகிவிட்டது. முடிந்ததும் சில ஆண்கள் யாரோடும் பேசாமல் எழுந்து வெளியே போய் நின்றதைக் கவனித்தோம். அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேசுகிறோம்.

கதை உங்களுக்குத் தெரியும். மனைவியை இழந்த ரங்கராஜ், சின்ன மகள் அனுவோடு வாழ்கிறார். சாரதா டீச்சர் மேல் அவருக்கு அன்பு பிறக்கிறது. ஆனால் மகள் வேண்டாம் என்கிறாள். அப்பா ஆசையை மனதுக்குள்ளே புதைத்துக்கொள்கிறார். வருஷங்கள் ஓடுகின்றன. மகள் வளர்ந்து, கொடிய நோயும் வந்த பிறகுதான், அப்பாவை அந்த டீச்சரோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று தவிக்கிறாள்.

இதிலே யார் மேல் குற்றம்? மகள் மேலா? அவள் குழந்தை. அம்மாவை இழந்தவள், அப்பாவையும் இழந்துவிடுவோமோ என்று பயந்தாள். அப்பா மேலா? அவர் பிள்ளைக்காக விட்டுக்கொடுத்தார். இரண்டு பேரும் நல்லவர்கள். ஆனால் மனசுவிட்டுப் பேசிக்கொள்ளவில்லை. அங்கேதான் பிழை என்பது எங்கள் எண்ணம்.

அந்தப் படத்திலே மூச்சு விடாமல் பாடுவது போல ஒரு பாட்டு வருகிறதே, நம் பையன்கள் எத்தனை பேர் அதைப் பாடிப் பார்த்து இருமியிருக்கிறார்கள்! பாட்டுக்கு அது அழகு. துக்கத்திலே அப்படி மூச்சை அடக்கிக்கொண்டு எத்தனை நாளைக்கு இருப்பது?

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். மனைவி மலையிலே கொழுந்து எடுத்தவள். விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டவள். பிள்ளையை மடுவத்திலே விட்டவள். சங்கச் சந்தாவையும் சீட்டுக் காசையும் கணக்குப் பார்த்தவள். அவள் போனதும் காம்பரா இருண்டுவிடுகிறது. பதினாறாம் நாள் வரை சொந்தபந்தம் எல்லாம் இருக்கிறது. பதினேழாம் நாள் அவன் தனியாக அடுப்பு மூட்டுகிறான். அழுதால் “ஆம்பளை அழலாமா?” என்கிறோம். ஆறுதல் என்று நாலு பேர் கசிப்புப் போத்தலைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பிறகு பெரட்டுக்குப் பிந்துகிறான், பேர் குறைகிறது. கடைசியில் மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்குப் போகிறது. தாயை இழந்த வீடு, கொஞ்ச நாளில் தகப்பனையும் இழக்கிறது.

நாங்களும் பிழை செய்திருக்கிறோம். மரண உதவிப் பணத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியதோடு கடமை முடிந்தது என்று பைலை மூடியிருக்கிறோம். ஒரு மாசம் கழித்து அந்த வீட்டுப் பக்கம் போனோமா? பல வீடுகளுக்குப் போகவில்லை.

ஆகவே மூன்று காரியம் சொல்கிறோம்.

முதலாவது, பதினாறு முடிந்த பிறகு போங்கள். இஸ்தோப்பிலே உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லியே பேசுங்கள். பெயரைச் சொன்னால் துக்கம் கூடும் என்று பயப்பட வேண்டாம். அழுதால் அழட்டும். போத்தலுக்குப் பதில் ஒரு வேளைச் சோறு கொண்டுபோங்கள். தூக்கமில்லாமல், உயிரை வெறுத்துப் பேசுகிறவரைத் தனியே விடாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

இரண்டாவது, அவள் உழைத்த காசைத் தேடிப் பெறுங்கள். ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் அவள் பெயர் குறித்து வைத்தவருக்கோ வாரிசுகளுக்கோ சேர வேண்டியவை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருஷத்துக்குக் குறையாத சேவை இருந்தால் பணிக்கொடையும் கேட்கலாம். மரண அத்தாட்சிப் பத்திரத்தைத் தொடவே மனம் வராமல் மாசக்கணக்காக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எங்களிடம் வாருங்கள், கூட இருந்து எழுதித் தருகிறோம்.

மூன்றாவது, மறுமணம். “பிள்ளைக்கு ஒரு அம்மா வேணும்” என்று கருமாதிப் பந்தலிலேயே பெண் பேசாதீர்கள். அவனுக்கே ஒரு துணை வேண்டும் என்று தோன்றும் காலத்திலே “இந்த வயசிலா?” என்று ஏளனமும் செய்யாதீர்கள். எப்படியானாலும் பிள்ளையை மடியிலே வைத்து, “உங்கம்மா இடம் உங்கம்மாவுக்குத்தான், உன் இடம் உனக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ஒரு நாளிலே ஒத்துக்கொள்ளாது. திரும்பத் திரும்பப் பேசுங்கள். ரங்கராஜ் செய்யாமல் விட்டது அதுதான்.

நேற்று வெளியே போய் நின்ற ஐயாமாரே, இன்று பஸ்ஸிலே பக்கத்தில் இருப்பவரிடம் வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள். பக்கத்தில் இருப்பவர்களே, குறுக்கே பேசாமல் கேளுங்கள். மலை ஏறி வீடு சேரப் பல மணி நேரம் இருக்கிறது.