இரும்புக்கை மாயாவி மறுபடியும் வந்தார்!

(நமது சங்கத்தின் குடும்பச் சந்திப்பு கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் நடந்தபோது, முதல் நாள் மாலையில் பேசியது.)



காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. அந்த எழுபதும் இன்னும் பாதிப் பேர் முகத்தில் தெரிகிறது. சுக்குக் காபி குடித்தால் சரியாகிவிடும். கொல்லிமலையில் இருக்கிற பதினான்கு நாடுகளில் இந்த ஆலத்தூர் நாடும் ஒன்று. "உங்க நாட்டுக்கு வர விசா வேணுமாடா?" என்று விடுதியில் என்னை ஓட்டியவர்கள் மூன்று பேர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். விசா இல்லாமலேயே உள்ளே விட்டிருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்!

செயலாளர் என்னிடம், "இருபது நிமிஷம் எதையாவது பேசு, டிரான்ஸ்பார்மர் மட்டும் வேண்டாம்" என்றார். அதனால் கரண்டை வைத்தே வேறு ஒரு கதை சொல்லப் போகிறேன். இரும்புக்கை மாயாவி.

சத்தத்தைப் பார்த்தால் பாதிப் பேருக்குத் தெரிகிறது. தெரியாத அண்ணிமார்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் சுருக்கமாகச் சொல்கிறேன். லூயிஸ் கிராண்டேல் என்று ஒருவர். பேராசிரியர் பேரிஞ்சரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஒரு விபத்தில் வலது கை போய், அந்த இடத்தில் இரும்புக்கை பொருத்தியிருப்பார்கள். இன்னொரு விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் அவர் உடம்பில் பாயும். ஆள் அப்படியே மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் அந்தக் கை செய்கிற வேலை.

ராணி காமிக்ஸில் வந்த முகமூடி மாயாவி வேறு. அவர் காட்டில் குதிரையில் போகிறவர். நான் சொல்வது முத்து காமிக்ஸ் மாயாவியை. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் அவர்கள் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. அப்புறம் 'பாம்புத் தீவு', 'பாதாள நகரம்', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்' என்று வரிசையாக வந்தன. இந்தப் பெயர்களைச் சொன்னாலே எனக்குப் பழைய நியூஸ்பிரிண்ட் வாசனை வந்துவிடும்.

உண்மையில் இவர் இங்கிலாந்துக்காரர். 1962 அக்டோபரில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே தோன்றியவர். படம் போட்டவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் ஓவியர். நிழலைக் கறுப்பு மையில் அவர் கொட்டியிருக்கிற விதம், சந்து முனையில் நிற்பது மாயாவியா வெறும் இருட்டா என்று தெரியாது.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் 1962, தமிழில் 1972. நான் முதன்முதலில் படித்தது 1998-ல், ஆறாம் வகுப்புப் படிக்கிறபோது. அப்பா மிளகு விற்க நாமக்கல் போனால் பஸ் ஸ்டாண்டுப் புத்தகக் கடையில் ஏதாவது வாங்கி வருவார். ஒரு முறை யாரோ படித்துப் போட்ட, அட்டை கிழிந்த பழைய மாயாவி வந்தது. அப்போது அந்தக் கதைக்கு வயது முப்பத்தாறு. எனக்கு அது அன்றைக்குத்தான் வெளியான புத்தகம். முந்தின நாள் பறித்த அன்னாசி மாதிரி அவ்வளவு புதுசு.

அந்த நாளில் எங்கள் வீட்டுக் குண்டு பல்பு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சிவப்பாகக் கம்பி மட்டும் தெரிகிற மாதிரி எரியும். டியூப்லைட் கண் சிமிட்டுமே ஒழிய எரியாது. "எங்க ஊரு கரண்டை வெச்சா மாயாவி இடுப்பு வரைக்கும்தான் மறைவாரு" என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். நான் மின்னியல் படிக்கப் போனதற்கு மாயாவிதான் காரணம் என்று சொன்னால் மேடைக்கு அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல, கவுன்சலிங்கில் அதுதான் கிடைத்தது!

படித்த பிறகு பார்த்தால் கதையில் ஒன்றும் நிற்காது. முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே டிரிப் ஆகிற மாதிரி நாம் வீடுகளுக்குப் பாதுகாப்பு வைக்கிறோம். ஏனென்றால் அதற்கு மேல் போனால் மனுஷன் உயிருக்கு உத்தரவாதமில்லை. இவரோ ஸ்விட்ச் போர்டுக்குள் கையை விட்டுவிட்டு ஜம்மென்று நடந்து போகிறார். சர்க்யூட் எங்கே முடிகிறது, எர்த் எங்கே என்று கேட்கக்கூடாது. அது போகட்டும், உடம்பு முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகி வெளிச்சம் ஊடுருவிப் போய்விட்டால் விழித்திரையில் எந்த பிம்பமும் விழாது. அதாவது மறைந்த மனிதனுக்குக் கண் தெரியாது. 1897-ல் எச்.ஜி.வெல்ஸ் எழுதிய மறையும் மனிதனுக்கும் இதே தொல்லை உண்டு. (குழந்தைகளே, மாமா சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஸ்விட்ச் போர்டில் விரல் விட்டால் யாரும் மறைய மாட்டார்கள், வீட்டிலிருப்பவர்கள் அழுவார்கள்.)

இதெல்லாம் தெரிந்தும் 2012 ஜனவரியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். லயன், முத்து இரண்டும் கொஞ்ச காலமாகச் சரியாக வராமல் இருந்தன. அம்புலிமாமாவும் தள்ளாடிக்கொண்டிருந்தது, ராணி காமிக்ஸ் 2005-லேயே நின்றாயிற்று. இவையும் அவ்வளவுதான் என்றே நினைத்திருந்தோம். அந்தப் புத்தகக் கண்காட்சி சமயத்தில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்று நூறு ரூபாய்க்கு ஒரு தடிமனான இதழை ஆசிரியர் விஜயன் கொண்டுவந்தார். 1984-ல் லயனைத் தொடங்கியவர் அவர்தான், சௌந்திரபாண்டியன் அவர்களின் மகன். சேதி கேள்விப்பட்டதும் ஆபீஸில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓடினேன். என்னைப் போலவே வயிற்றுவலிக்காரர்கள் நிறையப் பேர்! தலை நரைத்தவர், வழுக்கை விழுந்தவர், பேங்க் மேனேஜர், டாக்டர். யாரும் யாரையும் அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. நேராக "உங்ககிட்ட 'கொள்ளைக்காரப் பிசாசு' இருக்கா?" என்றுதான் பேச்சே ஆரம்பித்தது.

அதற்கடுத்த சில வருஷங்களில் மாயாவியும் மறுபதிப்பாக நல்ல தாளில் வந்தார். வாங்கி வந்து ராத்திரி உட்கார்ந்து படித்தேன். சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் படித்தது மாயாவியை இல்லை, பதினோரு வயசு என்னைத்தான். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று முன்கூட்டியே தெரிகிறது. கல்யாண ஆல்பம் பார்க்கிற மாதிரி.

இந்த மாதிரிப் பழைய தொடர்கள் திரும்பி வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது. இங்கிலாந்தில் பிலிப் புல்மன் லைரா என்ற சிறுமியை வைத்து மூன்று புத்தகம் எழுதி 2000-ல் முடித்தார். பதினேழு வருஷம் கழித்து, 2017-ல், அதே உலகத்துக்குத் திரும்பி வந்தார். 2019-ல் வந்த புத்தகத்தில் லைராவுக்கு இருபது வயசு. சின்ன வயசில் படித்தவனோடு சேர்ந்து அவளையும் வளரவிட்டார். பழைய வாசகர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் துணிச்சலான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

நம் மாயாவிக்கும் அப்படி ஒரு புதுக்கதை வந்தது. 'ஆல்பியன்' என்று 2005, 2006-ல் ஆறு இதழ்கள். கதைக்கரு ஆலன் மூர், எழுதியது அவர் மகள் லியாவும் மருமகன் ஜான் ரெப்பியனும். பழைய பிரிட்டிஷ் சித்திரக்கதை நாயகர்களையெல்லாம் அரசாங்கம் பிடித்து ஸ்காட்லாந்தில் ரகசியச் சிறையில் பூட்டி வைத்திருக்கிறது என்று கதை. மாயாவியும் அதில் ஒரு கைதி. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நம்ம ஆளை இப்படி உட்கார வைத்துவிட்டார்களே என்று. பிறகு என் பீரோவைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக் உறை போட்டு, நாப்தலின் உருண்டை வைத்து, யாரையும் தொடவிடாமல் நாற்பது மாயாவி. ஸ்காட்லாந்து வரைக்கும் போவானேன்?

அடுத்த மே விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது மறுபதிப்பு ஒன்றை எடுத்து வந்து அக்கா பையனிடம் கொடுத்தேன். இந்த ஆலத்தூர் நாட்டிலேயே பிறந்து வளர்கிறவன், அப்போது பத்து வயசு. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். முதல் பத்துப் பக்கத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு வந்து கேட்டான்: "மாமா, இவன் திருடன்தானே? அப்புறம் எப்படி ஹீரோ?"

நண்பர்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொல்வது சரி. முதல் கதையில் கிராண்டேல் நல்லவரே இல்லை. மறையத் தெரிந்தவுடன் கொள்ளையடிக்கப் போகிறார். நிழற்படையில் சேர்ந்து உளவாளி ஆவதெல்லாம் பின்னால்தான். எத்தனை தடவை படித்திருப்போம், எத்தனை மணி நேரம் பேசியிருப்போம். கண்ணுக்குத் தெரியாமல் போனால் மனுஷன் முதலில் என்ன செய்வான் என்பதுதான் அந்தக் கதையின் கேள்வி. ஞாபகம் என்கிற வார்னிஷை நாங்கள் அடித்து அடித்து அந்தக் கேள்வியே மறைந்து போயிருந்தது.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். "கை மட்டும்தானே தெரியுது? பேன்ட் பாக்கெட்ல விட்டுக்க வேண்டியதுதானே?" பேன்ட்டும் மறைந்துவிடுமே, அப்போது பாக்கெட்டுக்குள் இருக்கிற கை தெரியும்தானே என்றேன். "அப்ப பாக்கெட்ல இருக்கிற காசு தெரியுமா?" என்றான். நான் பொறியாளன், பதில் சொல்லவேண்டும் அல்லவா? இதுவரை சொல்லவில்லை.

மூன்றாவது கேள்விதான் நான் இங்கே பேசுவதற்கே காரணம். "அடுத்த புக்கு எங்க மாமா கிடைக்கும்?"

எங்கே கிடைக்கும்? செம்மேட்டில் கிடைக்காது. நாமக்கல் பஸ் ஸ்டாண்டிலும் நான் தேடிய வரையில் இல்லை. சிவகாசிக்குச் சந்தா கட்டினால் கூரியரில் வரும், அல்லது புத்தகக் கண்காட்சிக்குப் போகவேண்டும். விலையும் பையன்களுக்கான விலை இல்லை. 2013-ல் வந்த 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்' நானூறு ரூபாய், 2015-ல் வந்த 'மின்னும் மரணம்' ஆயிரம் ரூபாய். பதிப்பகத்தைக் குறை சொல்லவில்லை. அயல்நாட்டு உரிமைத்தொகை, மொழிபெயர்ப்பு, பிளேட் செலவு எல்லாம் ஐந்நூறு பிரதி போட்டாலும் ஐம்பதாயிரம் பிரதி போட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரதி குறைந்தால் தலைக்கு விழுகிற செலவு ஏறும். நம் ஜூனியர்களைக் கேட்டால் ஒரு கிராஃபே போட்டுக் காட்டுவார்கள். வாங்குகிற நாமெல்லாம் வயசாகிக்கொண்டு போகிறோம். புதிதாக வருகிறவன் தற்செயலாக வந்து முட்டிக்கொள்ளக் கடையே இல்லை. என் அப்பாவுக்கு மாயாவி யார் என்றே தெரியாது. படம் நன்றாக இருக்கிறதே என்று வாங்கினார். அந்தத் தற்செயல்தான் இப்போது இல்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2022-ல் பள்ளிக் கல்வித் துறை 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் வாத்தியார் கொடுத்துப் படிப்பது வேறு, போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிப்பது வேறு.

அதனால் பீரோவைக் காலி செய்தேன். அக்கா வீட்டுத் திண்ணையில் ஒரு தகரப் பெட்டி. நாற்பது மாயாவியோடு, கைக்குக் கிடைத்த மற்றதும் சேர்த்து இப்போது அறுபது சொச்சம் புத்தகம். பூட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பிள்ளைகள் வருகிறார்கள். பிளாஸ்டிக் உறையெல்லாம் முதல் வாரமே போயிற்று. 'பாதாள நகரம்' அட்டை மேல் பலாச்சுளை வைத்திருந்ததைப் பார்த்தபோது நெஞ்சு ஒரு நொடி நின்றது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதை அனுப்பினால் மகிழ்ச்சி. அதைவிட, நம் பேட்ச் சார்பில் இந்தப் பெட்டியின் பேருக்கு ஒரு வருஷச் சந்தா கட்டினால் நன்றாக இருக்கும். எங்களுக்குப் பிடித்ததுதான் அவர்களுக்கும் பிடிக்கவேண்டும் என்று இல்லை. மாயாவியை விட்டுவிட்டு லக்கி லூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் இங்கே அதிகம். ஓடட்டும்.

அக்கா பையன் மட்டும் மாயாவியை விடவில்லை. பள்ளிக்கூட நோட்டில் அவனே ஒரு புதுக்கதை வரைகிறான். மாயாவி கொல்லிமலைக்கு வருகிறார். ஆகாய கங்கை பக்கம் போகும்போது கரண்ட் இல்லை, அதனால் மறைய முடியவில்லை. அங்கே நம் கொல்லிப்பாவை நிற்கிறாள். சங்கப் பாட்டிலேயே வருகிற பாவை, சிரித்தே ஆளைக் கொல்லுகிறவள். எங்கள் பாட்டி சொல்லி நாங்கள் கேட்ட கதை, இவனுக்கும் அவள் சொல்லியிருக்கிறாள். பாவை சிரிக்கிறாள். சிரித்ததும் மாயாவி கரண்டே இல்லாமல் மறைந்துவிடுகிறார். கை மட்டும் கீழே விழுந்து கிடக்கிறது. அவர் செத்தாரா மறைந்தாரா என்று கேட்டால், "அது அடுத்த நோட்டுல, மாமா" என்கிறான்.

அந்த நோட்டை இரவல் வாங்கி வந்திருக்கிறேன், பையில் இருக்கிறது. சாமைச் சோறும் குழம்பும் தயார் என்று சமையல்கட்டிலிருந்து சைகை வருகிறது. பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். நாளைக் காலை அவன் திரும்பக் கேட்பான்.