தலைவன் என்னும் பொறுப்பு

(மன்றத்தின் விளையாட்டுப் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



விளையாட்டுக் குழுவின் தலைவன் எப்படி இருத்தல் வேண்டும் என்று பேசும்படி பணித்திருக்கிறீர்கள். நம் ஊர்களில் இரண்டு வழக்கங்கள் உண்டு. திறமாக விளையாடுகிறவனைத் தலைவனாக்குவது ஒன்று. பந்து வாங்கப் பணம் தந்தவரின் மகனைத் தலைவனாக்குவது மற்றொன்று. இரண்டும் தலைமைக்கு இலக்கணம் ஆகா. பிறர் பிழையையும் தன் பிழைபோற் சுமக்க வல்லவனே தலைவன் என்பேன்.

பார்படோஸ் தீவிற் பிறந்த பிராங்க் வொரெல் இதற்குச் சான்றாவார். மேற்கிந்தியக் கிரிக்கெட் குழுவின் தலைமை நெடுங்காலம் வெள்ளையருக்கே உரியதுபோல் இருந்தது. 1960-61ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பயணத்துக்கு வொரெல் தலைவரானார். ஒரு தொடர் முழுவதற்கும் அப்பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. சோபர்ஸ் போன்ற பெருவீரர்கள் அவர் கீழ் ஆடினர். கடலாற் பிரிந்த பல நாட்டவரை ஒரே குழுவாக்குவது அவர் கடனாயிற்று.

1960 டிசம்பரிற் பிறிஸ்பேன் நகரில் முதலாவது ரெஸ்ற். கடைசி ஓவரில் எட்டுப் பந்துகள். அவுஸ்திரேலியருக்கு வேண்டியவை ஆறு ஓட்டங்கள். கையிலிருந்தவை மூன்று விக்கெற்றுகள். அவற்றுள் ஒன்று விழுந்த பின் ஒரு பந்து மேலே எழும்பிற்று. கன்ஹாய் அதைப் பிடிக்கக் காத்து நின்றார். பந்து வீசிய ஹோல் தாமே பாய்ந்து சென்று அதைத் தவறவிட்டார்! அவ்வேளையில் வசைமாரி பொழியாத தலைவர் எத்தனை பேர்? வொரெல் அமைதி குலையவில்லை. அடுத்த இரு பந்துகளிலும் இருவர் ஓடுகையில் ஆட்டமிழந்தனர். ஒருவரை வீழ்த்திய எறி பார்படோஸ் ஹன்ற் எறிந்தது. மற்றையது கயானாவின் சொலமன் எறிந்தது. இருபக்க ஓட்டங்களும் சமமாகி முடிந்த முதல் ரெஸ்ற் ஆட்டம் அதுவே.

அத்தொடரை மேற்கிந்தியர் ஒன்றுக்கு இரண்டாக இழந்தனர். ஆயினும் மெல்பேண் மக்கள் ஆயிரக்கணக்கில் வீதியிற் கூடி அவர்களை வாழ்த்தி வழியனுப்பினர். இரு நாட்டாரும் போட்டியிடும் கிண்ணம் வொரெல் பெயரையே தாங்குகிறது. தோற்ற தலைவனுக்கு இத்தகைய மதிப்பு!

1962இல், பார்படோஸில், இந்தியக் குழுத் தலைவர் கொன்ராக்டர் தலையிற் பந்து பட்டு உயிருக்குப் போராடினார். அவருக்கு முன்வந்து இரத்தம் கொடுத்தவர்களுள் வொரெல் ஒருவர். எதிர்க்குழுவினனும் தன் பொறுப்பே என்று கருதிய உள்ளம் அது. 1967இல், 42ஆம் வயதில், அவர் மறைந்தார். வங்காளக் கிரிக்கெட் சங்கத்தார் அவர் நினைவாக இரத்ததானம் நடத்தி வந்துள்ளனர்.

இளைஞர்களே! தலைவனைத் தெரிவு செய்யும்போது யார் கூடிய ஓட்டம் எடுத்தான் என்று மட்டும் பாராதீர்கள். பந்தைத் தவறவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் தம்பியின் தோளில் முதலிற் கை வைப்பவன் யார் என்று பாருங்கள். அவனிடம் பொறுப்பைக் கொடுங்கள். கொடுத்தபின் அவன் சொற்கேட்டு நடவுங்கள்.